பை யார் கையில்? ஒரு குடும்பம், ஒரு தீம் பார்க், அப்புறம் ஒரு கடற்கரை

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்கு அருகே, கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு வீடு. நான்கு தலைமுறை, 13 பேர். 2024 மே மாதம் அவர்கள் மதுரைப் பக்கம் உள்ள ஒரு தீம் பார்க்குக்கு ஒரு நாள் போய்வந்தார்கள். வேன் ஏற்பாடு என்னுடையது. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் நானும் போனேன். அடுத்த ஆண்டு அதே குடும்பம் ஊர்ப் பக்கத்திலேயே அரியமான் கடற்கரையில் ஒரு சாயங்காலத்தைக் கழித்தது. அதற்கும் கூடப் போனேன். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி எழுதியது இது. பெயர் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன்.

எங்கள் கரையோரத்தில் குடும்பச் சுற்றுலா கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது டிக்கெட் எவ்வளவு, எத்தனை ரைடு என்பதைத்தான். நான் இப்போது பதிலுக்கு ஒன்று கேட்கிறேன்: பையை யார் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? பெரும்பாலும் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். இந்தக் குடும்பத்தோடு போய்வந்த பிறகு அந்தக் கேள்வியை விட எனக்கு மனசில்லை.

குடும்பமும் தேதியும்

வீட்டில் மூத்தவர் 81 வயதுப் பெரிய அப்பத்தா. முழங்கால் தேய்மானம், பிரஷர் மாத்திரை. அவருடைய மகன் 62 வயது, ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர். வீட்டில் எல்லோருக்கும் அய்யா. பல வருடமாகச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். அவர் மனைவியைப் பேரப்பிள்ளைகள் அப்பத்தா என்கிறார்கள், அதனால்தான் கிழவிக்குப் 'பெரிய' ஒட்டிக்கொண்டது. மூத்த மகன் துபாயில் ஏசி மெக்கானிக். அவர் மனைவி, 15 வயது மகள், 7 வயது மகன் மூவரும் ஊரில். இளைய மகனுக்குத் தேங்காய் வியாபாரம். மனைவி, 8 மாதக் கைக்குழந்தை. திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளும் மாப்பிள்ளையும் 11 வயதுப் பெண்ணோடு லீவுக்கு வந்திருந்தார்கள்.

தேதியைக் குறித்தது விமான டிக்கெட். துபாயில் இருக்கும் மூத்த மகனின் லீவு, பள்ளி விடுமுறை, திருப்பூர்க்காரர்கள் ஊரில் இருக்கும் நாள் மூன்றும் ஒத்துவந்தது மே இரண்டாம் வாரத்தில்தான். கத்திரி வெயில் தொடங்கியாகிவிட்டது. வேறு மாதம் பாருங்கள் என்று சொல்லிப் பயனில்லை. வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளில் கல்யாணமோ, கிரகப்பிரவேசமோ, காது குத்தோ எதுவானாலும் லீவு விழும் மாதத்தில்தான் நடக்கும்.

தீம் பார்க் யோசனையும் அந்த மூத்தவருடையதே. "அங்க எவ்வளவோ பாக்குறேன், எம்புள்ளைங்க ஒண்ணும் பாக்கலையே" என்றார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரிய அப்பத்தாவிடம் யாரும் வர்றீங்களா என்று கேட்கவில்லை. அவரைத் தனியே வீட்டில் விட முடியாது, ஆகவே அவரும் வருகிறார், அவ்வளவுதான். அய்யாவின் இன்சுலின் நேரத்தைப் பற்றியும் பேச்சு எழவில்லை. பேச்செல்லாம் நீச்சல் உடை எங்கே மலிவு என்பதைப் பற்றி.

சத்திரக்குடி

உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம் சுமார் 20 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னொரு 115. பரமக்குடி வரை இரு வழிச் சாலை, அப்புறம் நான்கு வழி. 5 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் மதுரையைத் தாண்டிவிடலாம் என்று கணக்கு.

கிளம்பியது 6 மணி 10 நிமிடத்துக்கு. குழந்தை அப்போதுதான் தூங்கியது, சிறுவனின் நீச்சல் உடையைக் காணவில்லை, வீட்டைப் பூட்டிய பிறகு கேஸை மூடினோமா என்று திறந்து பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அய்யா மட்டும் 5 மணிக் கணக்கை நம்பி 5.15க்கே ஊசி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் போடுவது கலவை இன்சுலின். போட்ட அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். வழியில் சாப்பிட இட்லி கட்டியிருந்தது. ஆனால் அந்தப் பொட்டலம் பின் சீட்டுக்கு அடியில், மூன்று பைகளுக்குக் கீழே. பரமக்குடியில் நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

சத்திரக்குடி தாண்டியதும் அய்யாவுக்கு வியர்த்தது. ஏசி ஓடும் வண்டியில் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு. தூக்கக் கலக்கம் என்றார் மகள். மூத்த மருமகள் மட்டும் பின்னாலிருந்து, "மாமா, எந்த ஊரு வந்திருக்கு?" என்று கேட்டார். அவர் "அரிசி வாங்கணும்" என்றார். உடனே வண்டியை ஓரம் கட்டச் சொன்னார் மருமகள்.

கையில் அகப்பட்டது கடலை மிட்டாய். ஒன்றைக் கொடுத்தார்கள், மெதுவாக மென்றார், மாற்றமில்லை. கடலையில் எண்ணெய் இருப்பதால் அதிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் சேர நேரமாகும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது தேவைப்படுவது தண்ணீரில் கரைத்த சீனி, பழச்சாறு, குளுக்கோஸ் பொடி மாதிரியானவை. 15 கிராம் அளவு, அதாவது ஏறக்குறைய மூன்று டீஸ்பூன் சீனி. 15 நிமிடம் பொறுத்துப் பார்த்து, சரியாகவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஓட்டுநரிடம் ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டில் இருந்தது. அது இறங்கிய கொஞ்ச நேரத்தில் அய்யா நிமிர்ந்து, "ஏன் வண்டி நிக்குது?" என்றார்.

பரமக்குடியில் ஒரு டீக்கடை பெஞ்சில் எல்லோரும் இட்லி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "முதல் ரைடு முடிஞ்சிருச்சு மாமா" என்றார். அய்யா சிரிக்கவில்லை.

நடந்த காரணம் சின்னது: ஊசி திட்டத்தைப் பார்த்துப் போடப்பட்டது, சோற்றைப் பார்த்து அல்ல. இன்சுலின் போடுகிற ஒருவர் வண்டியில் இருந்தால், சாப்பாடு கண்ணுக்கு முன்னால் வந்த பிறகுதான் ஊசி. இது அவருக்கும் தெரியும். அவசரத்தில் கிளம்பும் வீட்டில் "கொஞ்சம் இருங்க, நான் சாப்பிட்டுட்டு வர்றேன்" என்று சொல்லப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். ஒரு வீட்டுத் தலைவருக்கே அந்தக் கூச்சம் இருந்தது.

வாசல்

போய்ச் சேரும்போது பத்தரை. டிக்கெட் கவுன்டரில் வயதைக் கேட்கவில்லை, உயரத்தைத்தான் பார்த்தார்கள். குழந்தைக்கு இலவசம், சிறுவனுக்குக் குறைந்த கட்டணம், 11 வயதுப் பெண் உயரமாக வளர்ந்துவிட்டதால் பெரியவர் டிக்கெட். பெரிய அப்பத்தாவுக்கு முதியோர் சலுகை இருந்தது. ஆதார் அட்டை வீட்டில்.

வாசலிலேயே இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. மதியத்துக்கென்று கட்டிய புளியோதரைத் தூக்குவாளி வேனுக்குத் திரும்பியது. இரண்டு, சக்கர நாற்காலி. முன்பணம் கட்டினால் தருகிறோம், திருப்பிக் கொடுக்கும்போது பணம் திரும்ப வந்துவிடும் என்றார் காவலாளி. பெரிய அப்பத்தா, "நான் என்ன நொண்டியா?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தார். மகனுக்கும் பேரன்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவதை நான்கு பேர் பார்ப்பார்கள் என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அந்த நாற்காலி வியாதிக்காரருக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நீண்ட தூரம் நடக்க முடியாத யாருக்கும்தான்.

உள்ளே முதல் அழுகை டிராகன் ரயிலில். 120 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட பலகை. சிறுவன் 117. விரல் நுனியில் எம்பி நின்றான். ஊழியர் தோளில் மெல்லக் கை வைத்து அழுத்தினார், குதிகால் இறங்கியது, தலை கோட்டுக்குக் கீழே போனது. மூத்தவர் ஊழியரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். ஊழியர் அசையவில்லை, நல்லவேளை. மடிக்கு மேல் வந்து பூட்டும் கம்பி ஒரு குறிப்பிட்ட உடல் அளவைக் கணக்கு வைத்துச் செய்தது. அதைவிடச் சின்ன உடம்பு, வளைவில் தூக்கிப் போடும்போது கம்பிக்கு அடியில் நழுவிவிடும். மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த மூன்றில் பேரம் பேசுகிற அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

சிறுவனுக்குக் கோபம் அதுவல்ல, திருப்பூர் அக்கா ஏறிவிட்டாளே என்பதுதான். ஒரு குடும்பம் முழுவதும் சேர்ந்து இருக்கப் போன இடம் உயரம், எடை, இதயம், முதுகுவலி, கர்ப்பம் என்று வாசலுக்கு வாசல் பலகை வைத்துக் குடும்பத்தைப் பிரித்துவிடும். கொலம்பஸ் கப்பலில் மூன்று ஆண்களும் 15 வயதுப் பெண்ணும். குட்டி ராட்டினத்தில் சிறுவனும் அவன் அம்மாவும். சாப்பாட்டுக் கூடத்து ஏசியில் குழந்தையோடு இளைய மருமகள். பிரிவது இயல்பு. ஆனால் பிரிகிறவர்களின் செருப்பு, போன், பர்ஸ், துண்டு, பால் பாட்டில் எல்லாம் எங்காவது போய்ச் சேர வேண்டுமே.

பெஞ்ச்

சேர்ந்தது பெரிய அப்பத்தாவிடம். லாக்கர் இருந்தது, வாடகையும் பெரிய தொகை இல்லை. "ஆத்தாதான் சும்மா உக்காந்திருக்கே" என்று அய்யா சொன்னதோடு அது முடிந்தது. வேப்ப மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் அவரை உட்கார வைத்து, சுற்றிலும் பைகளை அடுக்கிவிட்டுப் போனார்கள். குடும்பத்துக்கு லாக்கர் காசு மிச்சம். பெரிய அப்பத்தா லாக்கர் ஆனார்.

பதினொன்றே காலிலிருந்து அவர் அங்கேயே இருந்தார். வேம்பின் நிழல் நகர்ந்துவிட்டது, அவர் நகரவில்லை. பைகளை இழுத்துக்கொண்டு நகர முடியாது, விட்டுவிட்டும் போக முடியாது. கழிப்பறை எதிர் வரிசையில், ஐம்பது அடி இருக்கலாம். அங்கே போக நேரும் என்று தண்ணீரே குடிக்கவில்லை. இதை அவர் பிற்பாடு என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "குடிச்சா போகணும்ல தம்பி." மதியச் சாப்பாடு பெஞ்சுக்கே வந்தது, பிரைட் ரைஸ். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்தார்.

வயதானவர்களுக்குத் தாகம் உடம்பின் தேவைக்குத் தகுந்தபடி எடுக்காது. நீர் குறைந்திருக்கும், நாக்குக்குத் தெரியாது. அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரை சிறுநீரை அதிகம் பிரியச் செய்கிற வகை. மே மாத மதிய வெயில், பாதி நிழல், வெறும் வயிறு. இரண்டரை மணிக்கு அவர் பக்கவாட்டில் சாய்ந்ததைப் பார்த்தது பக்கத்து பெஞ்சில் இருந்த வேறொரு குடும்பம்.

அவர்கள் செய்த முதல் காரியம், "யார் கூட வந்தீங்க பாட்டி, நம்பர் சொல்லுங்க" என்று கேட்டது. எந்த நம்பருக்கு அடித்தாலும் மணி பெரிய அப்பத்தாவின் காலடியில்தான் கேட்டிருக்கும். குடும்பத்தின் அத்தனை போனும் அந்தப் பைகளுக்குள். கடைசியில் ஒலிபெருக்கியில், உச்சிப்புளியிலிருந்து வந்திருக்கும் குடும்பத்தார் முதலுதவி அறைக்கு வரவும் என்று அறிவித்தார்கள். சறுக்கு வரிசையில் நின்ற ஆண்கள் காதில் அது விழவில்லை. ஈரத்தோடு ஓடி வந்தவர் மூத்த மருமகள்.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. காலை உயர்த்திப் படுக்க வைத்து, ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தவர் முதலில் கேட்டது பைகள் பத்திரமா என்று. வாசலுக்குத் திரும்பும்போது சக்கர நாற்காலியில் மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்தார். சிறுவன் தள்ளினான், அன்றைக்கு அவனுக்குப் பிடித்த ரைடு அதுதான் என்று அவன் அம்மா சொல்கிறார்.

தண்ணீருக்குள் யார் இறங்கினார்கள்

மருமகள் ஈரத்தோடு வந்தார் என்றேன். அந்த ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நாளில் நடந்தவற்றில் எனக்கு அதிகம் யோசனை தந்தது அதுதான்.

நீர்ப் பகுதியில் பருத்திச் சேலை, சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள். பருத்தி நீரை உறிஞ்சிக் கனத்துவிடும், முந்தானையும் துப்பட்டாவும் சறுக்கில் சிக்கும், உதிரும் நூல் வடிகட்டியை அடைக்கும். நைலான் உடை வாடகைக்கு அங்கேயே கிடைக்கும். முழங்கை வரை சட்டை, கணுக்கால் வரை பேன்ட். 15 வயதுப் பெண் முதலில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் இழுத்த இழுப்பில் அம்மா, அம்மா இழுத்ததில் 58 வயது அப்பத்தா. மாமியாரும் மருமகளும் ஒரே நிறத்து நைலான் உடையில் ஒருவரை ஒருவர் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

சைரன் ஊதியதும் அலைக் குளத்தில் அலை கிளம்பியது. மூன்று பேரும் கைகோத்து, இடுப்பு ஆழத்தில் நின்று கத்தினார்கள். அப்பத்தா கடலைப் பார்த்துப் பிறந்து வளர்ந்தவர். அக்னி தீர்த்தத்திலும் சேதுக்கரையிலும் புண்ணியத்துக்கு முங்கியது உண்டு. விளையாட்டுக்கு இறங்கியது இல்லை. மருமகளுக்கும் அப்படியே. வீட்டுக்குப் பின்னால் கடல், ஆனால் அங்கே ஒரு பெண் நனைந்த துணியோடு கரையேறினால் அன்று இரவுக்குள் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். நூறு மைல் தள்ளிப் போய், யாரும் தெரியாத கூட்டத்தில், குளோரின் வாடை அடிக்கும் தொட்டித் தண்ணீரில்தான் அவர்களுக்கு அலை கிடைத்தது.

தீம் பார்க் என்றால் காசைக் கரியாக்கும் இடம், நம்ம கடலுக்கு ஈடாகுமா என்று எழுதிவிடுவது சுலபம். ஆண்கள் எழுதினால் இன்னும் சுலபம். அந்த இடத்தில் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இருந்தது, சுத்தமான கழிப்பறை இருந்தது, பெண் காவலர் இருந்தார். எங்கள் கரையில் எந்த இடத்தில் இந்த மூன்றும் சேர்ந்து இருக்கிறது என்று கேட்டால் நான் யோசிக்கத்தான் வேண்டும்.

சுமார் 25 நிமிடம் தண்ணீரில் இருந்திருப்பார்கள். அப்போதுதான் ஒலிபெருக்கி கூப்பிட்டது.

யாருக்கு என்ன கிடைத்தது

திரும்பும் வழியில் மானாமதுரை வரை யாரும் பேசவில்லை. மூத்த மகனுக்கு ஆற்றாமை: இவ்வளவு செலவு செய்தும் யாருக்கும் திருப்தியில்லை. பணம் செலவழித்தவருக்கு அது நியாயமான வருத்தம். ஆனால் நேரத்தை எப்படிப் பங்கிட்டார்கள் என்று பார்த்தால் வேறு படம் தெரிகிறது. மூன்று ஆண்களும் கிட்டத்தட்ட முழு நாளும் ரைடிலோ வரிசையிலோ இருந்தார்கள். அவர்கள் கையில் ஒரு பையும் இல்லை. திருப்பூர் மகள் பாதி நாள் தன் பெண்ணோடு. மூத்த மருமகளுக்கு 25 நிமிடம், அப்பத்தாவுக்கும் அதே. இளைய மருமகளுக்கு முழு டிக்கெட், ஒரு ரைடும் இல்லை; பால் கொடுக்க மறைவான இடம் தேடிக் கூடத்தின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அய்யா காலையில் நடந்ததற்குப் பிறகு எதிலும் ஏறவில்லை, பேரனின் ராட்டினத்துக்குக் கீழே நின்றார். சத்திரக்குடியில் வியர்வையைக் கவனித்தவர், ஒலிபெருக்கிக்கு ஓடி வந்தவர், சிறுவனின் அழுகையைத் தீர்த்தவர் மூவரும் ஒரே ஆள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை இதில். மூத்தவர் மனைவி மேல் உயிரையே வைத்திருப்பவர். "அவளே பாத்துக்குவா" என்பது அவருக்குப் பாராட்டு. அந்தப் பாராட்டில்தான் அவளுடைய நாள் போய்விடுகிறது. பை வைத்திருப்பவர் ஒரு முறைக்கு அரை மணி நேரம், ஆண்களும் சேர்ந்து, என்று வாசலிலேயே பேசியிருந்தால், கிழவி வெயிலில் சாய்ந்திருக்க மாட்டார். லாக்கர் ஒன்று எடுத்து, ஒரே ஒரு போனை வெளியில் வைத்திருந்தாலும் போதும்.

அரியமான்

மூத்தவரின் அடுத்த லீவு 2025 ஆகஸ்டில் விழுந்தது. திருப்பூர்க்காரர்களுக்குப் பள்ளி, வரவில்லை. பத்து பேர். இம்முறை மூத்த மருமகளே என்னை அழைத்து, "அண்ணே, தூரம் வேண்டாம், நாள் முழுக்கவும் வேண்டாம்" என்றார்.

தனுஷ்கோடி என்று பேச்சு வந்தது. 1964 டிசம்பர் புயலில் அந்த ஊர் போனபோது பெரிய அப்பத்தாவுக்கு 21 வயது. "செத்த ஊருக்கு வேடிக்கை பாக்கவா போறது?" என்று முடித்துவிட்டார். குந்துகாலிலிருந்து படகில் குருசடைத் தீவு போகலாம் என்றார் இளையவர். ஆடும் படகுக்குள் 82 வயதில் காலை எடுத்து வைக்க வேண்டும், அது சரிவராது. தவிரவும் அது தென்கடல். ஆகஸ்டில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். அதே நேரம் வடகடல், பாக் விரிகுடா, குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காற்று காலத்தில் இது அப்படியே தலைகீழ். மாதம் பார்த்துக் கடல் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி எங்கள் மாவட்டத்துக்கு உண்டு; வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்பதே இல்லை. அரியமான் வடகடல். கரை நெடுகச் சவுக்குத் தோப்பு, ஆழம் மெதுவாக இறங்கும் கரை.

எல்லோரும் நாள் முழுக்க ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதை முதலில் கைவிட்டோம். காலையில் அய்யாவும் பேரனும் மட்டும் உச்சிப்புளியில் ரயில் ஏறிப் புதிய பாம்பன் பாலத்தில் ராமேஸ்வரம் போனார்கள். 1914இல் திறந்த பழைய பாலம் 2022 டிசம்பரோடு ரயிலுக்கு மூடப்பட்டு, பக்கத்திலேயே கட்டிய புதியது 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. பழையது நடுவில் இரண்டு கதவாகப் பிளந்து எழும்பியது, புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே கிடையாக மேலே எழும்பும். வயரை எங்கே கட்டியிருக்கிறார்கள், கரண்ட் போனால் பாலம் இறங்குமா என்று பேரன் கேட்டுக்கொண்டே வந்ததாகவும், மின்வாரியத்தில் இருந்ததால் தப்பித்தேன் என்றும் அய்யா சொன்னார். இந்த முறை அவர் வீட்டிலேயே சாப்பிட உட்கார்ந்து, தட்டு வந்த பிறகு ஊசி போட்டிருந்தார். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம். பஸ்ஸில் திரும்பி மதியம் தூங்கினார்கள்.

நான்கு மணிக்கு எல்லோரும் கடற்கரை. பைக்கு முறை போட்டாயிற்று, முதல் முறை மூத்த மகன். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மணலில் புதைந்து பெரிய அப்பத்தா ஒருபக்கம் சாய, ஓலைக் கொட்டகைக்காரரிடம் பழைய கிடுகு ஒன்று வாங்கி அடியில் போட்டோம், நாற்காலி நின்றது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அவர் எழுந்தார். மகன் ஒரு பக்கம், கொள்ளுப் பேத்தி ஒரு பக்கம், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழம் வரை நடந்தார். சிறுவன் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் குதித்ததைப் பார்த்து அதட்டினார்: "தூக்கி வைக்காதடா, காலைத் தேச்சுக்கிட்டுப் போ. திருக்கை கெடக்கும்." மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால்தான் முள்ளால் அடிக்கும்; காலை உரசிக்கொண்டே போனால் அதிர்வு தெரிந்து விலகிவிடும். வெள்ளையாக மிதந்த ஒன்றைக் காட்டி, அது சொறி (ஜெல்லி மீன்), தொடாதே என்றார். கரையில் ஒதுங்கியிருந்த கடல்தாழை என்ற கடற்புல்லை அருவருப்பாகப் பார்த்த பேத்தியிடம், கடல் பசு தின்பது இதைத்தான் என்றார். அந்த ஒரு மணி நேரமும் எல்லோரும் அவர் சொன்னதைக் கேட்டு நடந்தார்கள்.

குறைகளும் இருந்தன. நாங்கள் போன அன்று உடை மாற்றும் அறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. கழிப்பறைக்கு மணலில் நீண்ட நடை. பெரிய அப்பத்தாவை ஐந்தரைக்கே ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், அது முன்பே பேசியதுதான். இளைய மருமகள் குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டுக் கரையோரம் நடந்தார். இருபது நிமிடத்தில் குழந்தை அழ, அவரே திரும்பி வந்தார். 16 வயதாகிவிட்ட பெண் கணுக்காலுக்கு மேல் நனையவில்லை. அவள் வகுப்புப் பையன்கள் சவுக்குத் தோப்பில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அப்பத்தாவும் முழங்காலோடு சரி. கரையில் வாங்கிய பொரித்த மீன் நன்றாக இருந்தது. செலவு முந்தைய ஆண்டில் ஒரு சின்னப் பங்கு.

மூத்தவருக்கு இந்த நாள் பிடித்திருந்தது, இனிமேல் இப்படித்தான் என்றார். மகளோ எனக்கு அந்த அலைக் குளம்தான் வேண்டும் என்றாள். அவள் அம்மா வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் அப்பத்தா போன் செய்தார். அவர், இரண்டு மருமகள்கள், பேத்தி, நான்கு பேர் மட்டும் மதுரைக்குப் போய்வர எவ்வளவு ஆகும் என்று கேட்டார். காரே போதும். வார நாளாக இருந்தால் கூட்டம் குறையும் என்று ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்லியிருக்கிறேன். பெரிய அப்பத்தா அன்றைக்குத் தங்கை மகள் வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று அவராகவே சொல்லிவிட்டார். சிறுவன் அய்யாவோடு. குழந்தைக்கு அன்று சோறு ஊட்டப்போவது யார் என்பதில்தான் இளைய மகனோடு பேச்சு இன்னும் முடியவில்லை.